முதலில் எடுத்திருக்க வேண்டிய ரத்தம்

1
இந்தக் கதை ஒரு கணக்கிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடும் ரத்தசோகையோடு ஆஸ்பத்திரியில் படுப்பவர்களில் யாருக்கு எந்த வகை என்று ஒரு டாக்டர் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வார்டில் இரும்புச்சத்துக் குறைந்தவர்கள்தான் பெருங்கூட்டம். அடுத்து சிறுநீரகம் கெட்டவர்கள், பி12 குறைந்தவர்கள். கடைசியில், எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுபோன இரண்டொருவர். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த இரண்டொருவரில் ஒருத்தியை எழுதிவிட வேண்டும் என்று...

(இல்லை. நான் எழுதப்போகும் இவள் அவர்களில் ஒருத்திதானா என்பதே தெரியாது. அதுதான் கதை.)

2
"வெளுத்த முகத்தோடு அந்தத் தையற்காரி, வாடிய மலரைப் போல..."

சீ, அடித்துவிட்டேன். ஆளே மயங்கிக் கிடக்கிறாள், மலராம் மலர்.

மறுபடி. தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்ட தையற்காரியைத் தூக்கி வந்தார்கள். விரல்நுனி ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ரத்த அளவு பாதிகூட இல்லை என்று கண்டாள். உடனே ரத்தம் ஏற்றச் சொன்னாள். தையற்காரி பிழைத்துக்கொண்டாள். (இதுவரை ஒரு தப்பும் இல்லை.) ஆனால் ஏற்றுவதற்கு முன்னால், எந்த வகைச் சோகை என்று பார்க்க, அவளுடைய சொந்த ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் டாக்டர் அதை மறந்துபோனாள்.

3
"இனி பார்த்து என்ன டாக்டர் பிரயோஜனம்? உள்ள ஓடுறதுல பாதி ஊரார் ரத்தம்," என்றார் லேப்காரர்.

"ஏத்துற ரத்தம் இவங்களுக்குப் பொருந்துமான்னு பார்க்க எடுத்ததாவது மிச்சம் இருக்கா?"

"துளிகூட இல்ல. இரும்புன்னு போட்டுடுங்க. முக்காவாசிப் பேருக்கு அதுதானே?"

டாக்டருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. எனக்கும்தான், கதை இங்கேயே சுபமாக முடிந்துவிடும். ஆனால் முக்கால்வாசிப் பேர் வந்து இந்தக் கட்டிலில் படுத்திருக்கவில்லை, இவள் ஒருத்திதான் படுத்திருக்கிறாள். மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பி, உள்ளே வேறு ஏதாவது இருந்து, அந்த இரவல் ரத்தமும் தீர்ந்துவிட்டால்...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை.)

4
தையற்காரி தெம்பாக எழுந்து உட்கார்ந்து, ஒரு காலில் செருப்பையும் மாட்டிவிட்டாள்.

"தலைசுத்தல் போயே போச்சு டாக்டர். கடையில துணி மலையா குவிஞ்சு கிடக்கும். வெறும் சத்துக் குறைவுதானே?"

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தெரியல அக்கா. தப்பு என்மேலதான். ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடியே உங்க ரத்தத்தை எடுத்திருக்கணும், மறந்துட்டேன். இப்போ இடுப்பெலும்புல ஊசி போட்டு, உள்ள ரத்தம் ஊறுதான்னு பார்க்கணும். வலிக்கும்."

"வலிச்சு, ஒண்ணுமே இல்லைன்னு வந்தா?"

"உங்ககிட்ட நல்லா திட்டு வாங்கிக்கிறேன்."

தையற்காரி சிரிக்கவில்லை.

5
முடிவு ஒன்று: போகிறாள், மாத்திரையிலேயே தேறிவிடுகிறாள். முடிவு இரண்டு: இருக்கிறாள், ஊசி கெட்ட செய்தி சொல்கிறது. முடிவு மூன்று: போகிறாள், மறுபடி தூக்கி வருகிறார்கள், இந்தமுறை தாமதமாக. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே நம்பும்படி இருக்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது.

தையற்காரி இப்போது டாக்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள். இன்னொரு செருப்பு உங்கள் காலடியில் கிடக்கிறது. எடுத்துக் கொடுப்பீர்களா, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள், அவளே குனிகிறாள்.