கூட வந்தவர்

பிரசவ வார்டுக்கு வெளியே இருந்த கூடத்தில் இஸ்திரிக்காரர் தலையை நிமிர்த்தியபடியே உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் புதிதாக மாட்டிய பெரிய டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே, ‘செவித்திறன் குறைந்தோருக்கான தகவல் திரை’ என்று ஒரு பலகை. திரையில் மனைவியின் பெயர் வரும். வந்ததும் வார்டுக் கதவுக்குப் போய்க் கைரேகை வைக்க வேண்டும். வைத்தால்தான் அவளை ஆபரேஷனுக்கு எடுப்பார்கள். வலிக்கு நடுவிலும் இதையெல்லாம் அவள் கையால் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

போகுமுன் கதவருகே அவள் நர்ஸிடமும் சொன்னாள். "சிஸ்டர், எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்காது, பேச வராது. மைக்ல கூப்பிட்டா தெரியாது."

"அதுக்குத்தானம்மா டிவி வெச்சிருக்கு. படிக்கத் தெரியுமா?"

"என் பேரப் பாத்தா கண்டுபுடிச்சிடுவாரு. எழுத வராது."

"அது போதும். நீ வா."

பையும் அடையாள அட்டையும் அவளோடு உள்ளே போய்விட்டன.

திரையில் சாய்தளத்தின் மேல் ஒரு சக்கர நாற்காலி ஏறியது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் அதில் இருந்தவரின் கையைக் குலுக்கினார். யாரோ நாடா வெட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மறுபடியும் சாய்தளம். இஸ்திரிக்காரர் ஒன்றுக்குக்கூடப் போகவில்லை. போன நேரத்தில் பெயர் வந்துவிட்டால்?

பக்கத்து நாற்காலியில் துணிக் கம்பெனியில் காலர் தைக்கும் பெண் ஒருத்தி. அவள் தங்கையும் உள்ளே இருந்தாள்.

"தலப்பிரசவம். அவ மாமியார் வந்து நிக்கணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. அந்தம்மா வீட்ல கால நீட்டிட்டு உக்காந்திருக்கு. நான் லீவு போட்டா சூப்பர்வைசர் மூஞ்சியில முழிக்க முடியாது. இவ புருஷன் இருக்கானே, அவன் ஒரு வாயில்லாப் பூச்சி." அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன்."

அவர் தோளைத் தொட்டாள். அவர் தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார்.

அவள் தலையில் லேசாக அடித்துக்கொண்டாள். "சரியாப் போச்சு. என் கதைய நடுவுல வெட்டாம கேட்ட ஒரே ஆளு நீங்கதான்."

வாசலில் நின்ற காவலாளி சிரித்தார்.

அவள் பேசியதைவிட அவளுக்குக் காது கேட்கிறது என்பது இஸ்திரிக்காரருக்கு முக்கியமாக இருந்தது. மூலையில் இருந்த ஒலிபெருக்கியைக் காட்டினார். அவள் காதைக் காட்டினார். தன் தோளில் தானே தட்டிக் காட்டினார்.

"கூப்பிட்டா தட்டணுமா? தட்டறேன். பேரு என்ன? உங்க வீட்டம்மா பேரு?"

வாயசைவு அவருக்குப் புரிந்தது. முகவாயின் இடது ஓரத்தில் சுண்டுவிரலை வைத்தார். மனைவிக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவருடைய கையில் அவளுக்கு அதுதான் பெயர். அதைச் செய்தால் அவள் எந்த அறையிலிருந்தாலும் திரும்புவாள்.

தையல்காரி காவலாளியைப் பார்த்துச் சொன்னாள். "பேரக் கேட்டா, பொண்டாட்டி அழகுங்கறாரு பாருங்க."

"விடும்மா. புதுசா கட்டினவரா இருக்கும்."

ஒலிபெருக்கி ஒரு பெயரைச் சொன்னது. யாரும் எழுந்த மாதிரி தெரியவில்லை. அவள் தோளில் தட்டினாள். இஸ்திரிக்காரர் ஓடினார். கதவில் இருந்த ஆயா, "உன்ன யாரு கூப்பிட்டா?" என்று திருப்பி அனுப்பினாள். அடுத்த பெயருக்கும் தட்டினாள். அதற்குரிய ஆள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தான். ஆயா இஸ்திரிக்காரரின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"ஏம்மா, அந்தாள ஓட விட்டு வேடிக்கை பாக்கறியா?"

தையல்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்கென்ன தெரியும், நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று முனகினாள். பிறகு காவலாளியிடம், "இந்த டிவியில பேரு எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

"மைக் ரூமோட இன்னும் இணைக்கலம்மா. அதுக்கு வேற கம்பெனி. திறப்பு விழாவுக்குப் படம் மட்டும் போட்டு விட்டாங்க, அது பாட்டுக்கு ஓடுது."

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இதைக் கையால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒலிபெருக்கி இன்னொரு பெயரைச் சொன்னது. "கூட வந்தவர் உடனே வரவும்." கொஞ்ச நேரம் கழித்து அதே பெயர். அவள் கை பாதி எழுந்தது. ஆயா கதவிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டார்கள்.

பின் வரிசையில் ஒரு பெரியவர் சொன்னார். "எங்க போய்த் தொலைஞ்சானோ. உள்ள ஒருத்தி உசுருக்குப் போராடறா."

"டீக்கடையில நிப்பான். ஆம்பளைங்களே இப்படித்தான்" என்றாள் தையல்காரி.

கூட்டம் குறைந்த பிறகு வேறொரு நர்ஸ் தானே வெளியே வந்தார். கையில் ஒரு தாளும் மைப்பெட்டியும் இருந்தன. மூன்று முறை கூப்பிட்ட அதே பெயரைச் சத்தமாகச் சொல்லி, "யாரு கூட வந்தது? இஸ்திரிக் கடைக்காரராம், யாரு?" என்று கேட்டார்.

தையல்காரி மெல்ல எழுந்தாள். பக்கத்தில் இருந்தவரின் விரல் நுனிகளில் இருந்த பழைய சூட்டுக் காயங்களை அப்போதுதான் கவனித்தாள்.

"இவருக்குக் காது கேக்காது சிஸ்டர்."

"அதான் டிவி இருக்கே?"

மைப்பெட்டியைக் கண்டதும் இஸ்திரிக்காரர் எழுந்துவிட்டார். சட்டையில் துடைத்து, கேட்காமலே கட்டைவிரலை நீட்டினார். நர்ஸ் அதை மையில் அழுத்தித் தாளில் வைத்தார்.

"ஆபரேஷனுக்கா சிஸ்டர்?"

"அது கைரேகையே இல்லாம கடைசியில பெரிய டாக்டர் வந்து பண்ணிட்டாரு. அந்தப் பொண்ணு பொழச்சுக்கிச்சு. குழந்தை தங்கல. இது அத வாங்கிக்கறதுக்கு." நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "நீ கொஞ்சம் சொல்லிடும்மா. எனக்குக் கையால சொல்ல வராது."

கதவு மூடியது. இஸ்திரிக்காரர் தையல்காரியின் முகத்தைப் பார்த்து நின்றார். விரலில் மை காயவில்லை.

அவள் இரண்டு கைகளையும் சேர்த்து, குழந்தையை ஏந்துகிற மாதிரி வைத்தாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவள் யோசிப்பதற்குள் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவளைக் கும்பிட்டார். பின் வரிசைப் பெரியவரையும், காவலாளியையும், கதவில் நின்ற ஆயாவையும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

தையல்காரி ஏந்திய கைகளைக் கீழே இறக்காமல் நின்றாள்.