கொட்டாவி

“பல்லு பத்தல,” என்றார் பதிப்பாளர்.

டீக் கோப்பையை அவர் அவளுடைய ஓவியத்தின் மேலேயே, நாயின் வாலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஓவியக்காரி அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். இந்த ஆளிடம் கோபப்படுவது வீண் என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்துபோன விஷயம். சோப்பு விற்கப் போயிருந்தால் இன்னும் நன்றாகப் பிழைத்திருப்பார். யார் செய்த பாவமோ, புத்தகம் விற்க வந்துவிட்டார்.

“ரத்தம் வேணாம்மா. ரத்தத்தப் பாத்தா பெத்தவங்க வாங்க மாட்டாங்க. பல்லு வேணும். பல்லு இல்லன்னா புள்ளைங்க கையிலயே எடுக்காது.”

பிள்ளைகளுக்கான திகில் கதை வரிசை அது. மாதம் ஒரு மிருகம் மனிதர்களைக் கடித்துக் குதறும். காக்கை முடிந்து, பூனை முடிந்து, அணில்கூட முடிந்துவிட்டது. அணில் எப்படி ஐயா ஓர் ஊரையே காலி செய்யும் என்று அவள் கேட்டதற்கு, “கூட்டமா வந்தா செய்யும்,” என்றார் எழுத்தாளர், கொஞ்சமும் சிரிக்காமல். அந்த எழுத்தாளரைப் பற்றிச் சொல்லாமல் விடவே கூடாது. மிருக வெறியைப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிற மனிதர், பதிப்பக மாடிப்படியில் ஒரு பூனைக்குட்டி குறுக்கே வந்ததற்கு ஐயையோ என்று அலறிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அவள் கண்ணாரப் பார்த்தாள். அன்று வீட்டுக்குப் போய் அதை மகளிடம் நடித்துக் காட்டி, இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் எழுதுகிற எல்லாக் கதையிலும் ஒரே கூத்துதான்: ஒரு முட்டாள் அப்பா, ஒரு கெட்டிக்காரப் பையன், கடைசிப் பக்கத்தில் இருட்டுக்குள் இன்னொரு ஜோடிக் கண். மிருகத்தை மட்டும் மாற்றினால் அடுத்த புத்தகம் தயார். இதைத்தான் பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து படிக்கின்றன. படித்துத் தொலையட்டும், அவளுக்கென்ன?

அட்டைப்படம் அப்படியல்ல. அட்டை அவளுடையது. எங்கோ கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து அப்படியே இறக்கிவைக்கிற பிழைப்பு அவளிடம் கிடையாது. காக்கை வரைய வேண்டுமென்றால் மொட்டை மாடியில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வெயிலில் காய்வாள். இந்த நாய்க்காக அவள் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. குடியிருப்பு மாடிப்படிக்குக் கீழேயே ஒன்று கிடந்தது.

அதன் பெயர் தூங்குமூஞ்சி. வாட்ச்மேன் வைத்த பெயர். காலையில் வெயில் விழும் இடத்தில் படுக்கும்; வெயில் நகர்ந்தால் அதுவும் நகரும்; நாளெல்லாம் அது பார்க்கிற வேலை அதுதான். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது பாதி அறுந்து தொங்கும். இடது கண்ணைச் சுற்றி மை கொட்டியதுபோல் ஒரு கறுப்பு வட்டம். கிழடாகி வாயில் முக்கால்வாசிப் பல் கொட்டிப்போயிருந்தது. திருடன் வந்தால் வழிவிட்டுத் தள்ளிப் படுக்கும் என்று வாட்ச்மேனே கேலி செய்வார். ஓவியக்காரி சில படிகள் மேலே, அதற்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, அது கொட்டாவி விடும்வரை காத்திருந்து வரைந்தாள். நல்ல கொட்டாவி அது, தொண்டைவரை தெரிந்தது. வீட்டுக்கு வந்து படத்தில் மூக்கின்மேல் சுருக்கம் போட்டாள், மூடியிருந்த கண்ணைத் திறந்தாள், கொட்டிப்போன பல்லையெல்லாம் திரும்ப முளைக்கவைத்தாள். பதிப்பாளர் சொன்னபிறகு இன்னும் ஒரு வரிசை கூடியது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே நெஞ்சு திக்கென்றது. இந்தக் குப்பைக்கு இவ்வளவு நல்ல படமா என்று அங்கலாய்த்துக்கொண்டேதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

‘வாசலில் ஒரு வாய்’ என்று தலைப்பு வைத்துப் புத்தகம் வந்தது. அவள் மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

“அம்மா! இது நம்ம தூங்குமூஞ்சி!”

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் காட்டினாள், ஒவ்வொரு மாடியாக ஏறிக் காட்டினாள், தூங்குமூஞ்சியிடமே கொண்டுபோய்க் காட்டினாள். அது அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. வேறு எந்த நாய் புத்தக அட்டையில் வந்திருக்கிறது என்று மகள் நினைத்தாள். மற்ற பிள்ளைகள் அப்படி நினைக்கவில்லை. படியிறங்கும்போது கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுவது முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு கத்தாமல் ஓடினார்கள். பிறகு பெரியவர்கள் துணைக்கு வராமல் இறங்கவே மாட்டேன் என்றார்கள். பெரியவர்களாவது ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். அவர்களோ புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, நாயையும் குனிந்து பார்த்துவிட்டு, “ஆமால்ல, அதே காது!” என்றார்கள். இத்தனை வருடமும் அந்த நாயைத் தாண்டித்தான் அவர்கள் குப்பை கொட்டப் போய்வந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் இரண்டாம் மாடி வங்கிக்காரரின் மகன் இறங்கி வரும்போது தூங்குமூஞ்சி தலையைத் தூக்கியது. தூக்கியது, அவ்வளவுதான். பையன் திரும்பி ஓடி, கால் இடறி உருண்டு, கையை முறித்துக்கொண்டான். கட்டோடு வீட்டுக்கு வந்தவன், “பாயப் பாத்துச்சு,” என்றான். மறுநாள் அவன் அம்மா சொல்லும்போது அது பாய்ந்தேவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் கடித்தும்விட்டது.

குடியிருப்போர் சங்கக் கூட்டம் கூடியது. சங்கச் செயலாளர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அதை இன்னும் யாரும் அவர் காதில் போடவில்லை என்பதுபோல்தான் பேசுவார். நாய் பிடிக்கிற வண்டிக்குச் சொல்லியாயிற்று, நாளைக் காலை வரும், எல்லோரும் கை தூக்கினால் போதும் என்றார். அந்த வண்டி ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மகள் ஓவியக்காரியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, நீதான் சொல்லணும். சொல்லும்மா.”

அவள் எழுந்தாள். அந்தக் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். படித்தவர்கள், பெரிய வேலைக்காரர்கள், ஒரு காகிதத்துக்குப் பயந்து இப்படி ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

“அந்தப் படம் நான் வரைஞ்சது. அது சும்மா கொட்டாவி விட்டுச்சு. மத்ததெல்லாம் நானா போட்டது. நெஜத்துல அது வாயில பல்லே கெடையாது. கடிக்கணும்னு நெனச்சாலும் கடிக்க முடியாது.”

கூடமே சிரித்தது. கொட்டாவியாம், கொட்டாவி! செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஞாபகசக்தி அதிகம்.

“போன வருஷம் நம்ம புள்ளைங்க ஓவியப் போட்டிக்கு நீங்கதான் பரிசு குடுத்தீங்க. அப்ப என்ன பேசினீங்க? ‘கண்ணால பாக்காத எதையும் நான் வரைஞ்சதே இல்ல’ன்னு பேசினீங்களா, இல்லையா?”

பேசினாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு, புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர்களையெல்லாம் ஒரு பிடி பிடித்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதைத்தான் பேசினாள். இதே ஆட்கள்தான் கைதட்டினார்கள்.

வாசலில் நின்ற வாட்ச்மேன் தயங்கித் தயங்கி, “சார், நான் வேணா அது வாயில கைய விட்டுக் காட்டறேன் சார்,” என்றார்.

“நீ சோறு போடற ஆளு. உன்ன எதுக்குக் கடிக்கப் போவுது? அதெல்லாம் கணக்குல வராது.” செயலாளர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க காட்டுங்க. எல்லாரும் வரோம். இப்பவே கீழ போயி அது வாயில கைய விட்டுக் காட்டுங்க. காட்டிட்டா வண்டிய வேணாம்னு சொல்லிடறேன். என்ன?”

இதற்கு அவள் சரி என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு வாயையும் திறந்தாள். இத்தனை வருடத்தில் அந்த நாயைத் தான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என்றைக்கும் சில படிகள் மேலேதான் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது நாயை நினைத்தால் நாய் வரவில்லை. தான் போட்ட பற்கள்தான் வரிசை வரிசையாக வந்து நின்றன. தூரிகை பிடிக்கிற கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

“இல்ல... திடுதிப்புனு கைய விட்டா எந்த நாயா இருந்தாலும்...” என்று இழுத்தாள்.

அவள் இழுத்து முடிப்பதற்குள் கூடம் முழுக்கக் கைகள் உயர்ந்துவிட்டன. வாட்ச்மேனுக்குக் கை தூக்கும் உரிமை கிடையாது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே வெளியே போனார்.

மகள் அவளுக்கு முன்னால் படியேறிப் போனாள். வீட்டுக்குள் வந்ததும் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். இப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் ஓவியக்காரி பார்த்ததில்லை. ஆனால் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்தது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வைதான்.

“நீயும் அந்தக் கைப்பிடிச் சுவர் மாமா மாதிரிதான்மா,” என்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் வண்டி வந்தது. எல்லா மாடியிலும் தலைகள். சினிமாவுக்கு வந்தவர்கள்போல் சிலர் கோப்பையோடு நின்றார்கள். வண்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் நுனியில் சுருக்குக் கயிறு கட்டிய நீளக் கம்பு. தூங்குமூஞ்சி வெயிலில் படுத்திருந்தது. வண்டிக் கதவைச் சாத்திய சத்தத்துக்கு ஒரு கண்ணைத் திறந்தது, வந்தவர்களைப் பார்த்தது, முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்து, தொண்டைவரை தெரிய வாயைப் பிளந்தது.

மாடிகளெல்லாம் வீலென்று அலறின. “பாரு, பாரு! அதே வாய்!” கம்புக்காரனே ஒரு அடி பின்வாங்கினான். பட்டப்பகலில் அந்த வாய் அத்தனை பேருக்கும் தெரிந்தது. மஞ்சளேறிய சில பற்களும் வெறும் ஈறும் தவிர அதில் ஒன்றுமில்லை. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அட இவளே, நீ போட்ட பல்லு இல்லாமல் இவர்களுக்கு இனிமேல் கண்ணே தெரியாது என்று ஓவியக்காரிக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

வழக்கமாக உட்காரும் படியில் நின்றிருந்தவள் இறங்கினாள்.

“ஏம்மா, தள்ளிப் போங்க!” என்றான் கம்புக்காரன்.

“நேத்துக் கேட்டப்ப முடியல. இப்ப என்ன நாடகம் இது?” என்று மேலேயிருந்து செயலாளரின் குரல் வந்தது.

அவள் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுக்கும் ஈரமுமாக அதன் வாடை முகத்தில் அடித்தது. தூங்குமூஞ்சி இன்னொரு கொட்டாவிக்கு வாயைத் திறந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையை, மணிக்கட்டுவரை, அந்த வாய்க்குள் விட்டாள்.

மாடிகளில் சத்தம் அடங்கியது. உள்ளே வெதுவெதுப்பாக, வழவழவென்று இருந்தது. கையில் பட்டது ஈறு. அப்புறம் ஒரு பல், அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் போயிற்றோ, அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். கம்பு பாதி வழியில் நின்றிருந்தது. சுருக்கு அவள் தலைக்கு மேலே ஆடியது. படியில் மகள் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, எடுத்துடாத,” என்றாள் மகள்.

கொட்டாவி பாதியிலேயே நின்றுபோன தூங்குமூஞ்சி, வாயை மூடுவதா வேண்டாமா என்று தெரியாமல், எச்சில் ஒழுக, ஒரு காதை மட்டும் நிமிர்த்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.