தடத்தை விட்டுத் தள்ளி

துவோவி தன் கணவன் கலெர்வோவைத் திட்டியதை அன்று காலை ஹாவுக்காவாரா ஊரே கேட்டது. ஊர் என்றால் நாற்பது வீடுதான். ஆனால் மறுநாள் பனிச்சறுக்குப் போட்டி என்பதால் பத்துப் பன்னிரண்டு பேர் காலில் மாட்டும் சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டு பாதை முகப்பிலேயே நின்றிருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் தவறவிடவில்லை.

ஏரியைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் காட்டுப்பாதை. கோடையில் நடக்கிறவர்களுக்கு, பனி விழுந்துவிட்டால் சறுக்குகிறவர்களுக்கு. பனிக்காலத்தில் அங்கே துவோவி வைத்ததுதான் சட்டம். விடியும் முன்பே பனிவண்டியில் உருளையை இழுத்துப்போய்ப் பனியை அமுக்கி, இரட்டைப் பள்ளமாகத் தடம் போட்டுவிடுவாள். அதில் பூட்ஸ் காலை வைப்பவனை அந்த ஊர் மனிதனாகவே மதிக்காது.

வைத்தது அவள் கணவனே. ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் சறுக்கில் அவரை முந்தினவர் கிடையாது. இலையுதிர்காலத்தில் வந்த பக்கவாதம் இடது காலை இழுத்துக்கொண்டுவிட்டது. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சாலை முழுக்க வழுக்கு, காடு முழுக்க இடுப்பளவு பனி. கெட்டியான தரை என்று இருந்தது தடம் மட்டும்தான்.

"மாடு மேய்ஞ்ச மாதிரி பண்ணி வச்சிருக்கே. காலுதான் போச்சு, கண்ணுமா போச்சு? எங்க வேணா போய் நட. இனிமே தடத்துல உன்னைப் பார்க்கக் கூடாது."

கடைசி வார்த்தை வாயை விட்டு இறங்கும்போதே அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பத்துப் பேர் பார்க்கிறார்கள்.  கலெர்வோ கைத்தடியை ஊன்றித் திரும்பிப் போனார். அவள் மறுபடியும் உருளையை ஓட்டி அந்த அடிகளை அழித்தாள்.

மதியம் மூன்று மணிக்கு அவருடைய காப்பி ஆறிப்போய் மேஜையில் இருந்தது. பக்கத்திலேயே அவருடைய போன். வெளியே மைனஸ் பதினாறு, ஆறு மணிக்கு இருட்டிவிடும். அந்தக் காலோடு அந்தக் குளிரில் ஓர் இரவு தாங்க மாட்டார் என்பதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு ஆர்மாஸ் பனிவண்டியை எடுத்துக்கொண்டு, தடம் கெடாமல் உறைந்த ஏரியின் மேலேயே ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"தடத்துல ஒரு பூட்ஸ் அடி இல்ல, துவோவி. இந்தப் பக்கம் வரவே இல்ல அவன். ரோட்டுப் பக்கம் தேடுவோம்."

தடத்தில் அடி இல்லை. எப்படி இருக்கும்? சொன்ன சொல்லை அப்படியே கேட்டிருக்கிறார் மனிதர்.

"நீ ரோட்டைப் பாரு. போனைக் கையிலயே வச்சிரு," என்று சொல்லிவிட்டுக் கட்டைகளை மாட்டிக்கொண்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தடத்தைப் பார்க்காமல் அதற்கு வெளியே பார்த்துக்கொண்டு போனாள். ஏரிப்பக்கம் எதுவும் இல்லை. காட்டுப்பக்கம், விறகுக் கொட்டகைக்குப் பின்னால், ஆரம்பித்திருந்தது. மரங்களில் கோடைப்பாதைக்காகப் பூசிய நீலப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஒரு காலை இழுத்து இழுத்துப் போன பள்ளம். பத்தடிக்கு ஒரு தரம் விழுந்து எழுந்த அடையாளம். போகப் போக எழுந்த அடையாளங்கள் குறைந்தன.

மூன்றாவது கிலோமீட்டரில் பள்ளம் மரங்களுக்குள் மறைந்தது. மாலை வெயில் மர உச்சிக்கு ஏறிவிட்டது.

"கலெர்வோ!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் இல்லை. மூன்றாம் தடவை பெயர் வரவில்லை. மெதுவாகப் போகிறவர்களை விலகச் சொல்லி நாளுக்கு ஐம்பது தடவை கத்துகிற வார்த்தைதான் வந்தது.

"தடம்!"

"தள்ளித்தான் கிடக்கேன்," என்றது ஒரு குரல், நாலு முழம் தள்ளி, தாழ்ந்த கிளைகள் மூடியிருந்த மரத்தடியிலிருந்து.

இடுப்பு வரை பனியில் புதைந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கையுறை விறைத்துக் கட்டையாகியிருந்தது.

"பேரு சொல்லிக் கூப்பிட்டேனே. வாயைத் திறந்தா என்ன?"

"கோவமா இருந்தேன்."

"ஆர்மாஸ் வண்டி போச்சே?"

"அவன் முன்னாடிதானே காலையில வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மரத்தடியிலிருந்து தடத்தின் விளிம்பு வரை அவர் தவழ்ந்து வந்திருந்தார். விளிம்பில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. அங்கிருந்து திரும்பிப் போயிருந்தார்.

"இவ்வளவு தூரம் வந்தியே. ஏறியிருந்தா என்ன?"

"நாளைக்குப் போட்டி."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. கட்டைகளை உதறிவிட்டு, பூட்ஸ் காலோடு தடத்தைக் குறுக்கே மிதித்துப் போய், அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்துவந்து தடத்தின் நட்ட நடுவில் கிடத்தினாள்.

"துவோவி, பூட்ஸ்."

"வாயை மூடு."

தன் மேல்கோட்டை அவர்மேல் போர்த்தி, அவர் கைகளைத் தன் அக்குளில் திணித்துக்கொண்டு போன் செய்தாள்.

"மூணாவது கிலோமீட்டர். தடத்து மேலயே வா."

ஆர்மாஸ் தயங்கினான். "தடத்து மேலயா?"

"மேலதான். சீக்கிரம்."

மறுநாள் போட்டிக்கு வந்தவர்கள் அந்த இடத்தைக் கண்டு கொதித்துவிட்டார்கள். பூட்ஸ் அடி, வண்டி அடி, ஆள் படுத்த பள்ளம். காலையில் ஆறு கிலோமீட்டரும் புதுசாக உருட்டியிருந்த துவோவி அந்த இருபது அடியை மட்டும் அப்படியே விட்டிருந்தாள்.

"எந்தப் பாவி மிதிச்சான்?" என்று கேட்டார் ஒருவர்.

"நான்தான்," என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தூக்குவாளியில் காப்பி ஊற்றி மூடிக்கொண்டிருந்தாள். "அந்த இடத்துல எல்லாரும் தள்ளிப் போங்க."