குசினிக் கூரையில் புகை

ஓவியர் தவராசா நெருப்புக் கீறுவதை விட்டு ஒரு வருடமாகிறது. கிளிநொச்சியில் ஒரு நாடகத்துக்காக எரிகிற அரண்மனையைத் திரைச்சீலையில் கீறிக் கொடுத்தார். சனம் கைதட்டித் தள்ளியது. அடுத்த மாதமே அந்த மண்டபம் ஷெல் விழுந்து எரிந்தது. ஷெல்லுக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும்தான் கேட்டுப் பார்த்தார். மனம் என்கிற சனியன் கேட்டால்தானே! நெருப்பையும் விட்டார், அதோடு ஒட்டிப் பிறந்த புகையையும் விட்டார்.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியே பெயர்ந்து ஸ்கந்தபுரத்து ஓலைக் கொட்டில்களுக்கு வந்தபோது, விட்டுவந்த வீட்டைக் கீறித் தரும்படி ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். பெயின்ற் கண்ணிலும் காணக் கிடைக்காது. ஜாம்போத்தல் விளக்கின் கரியை வழித்து, விளாம்பிசினில் குழைத்து, நிவாரணப் பெட்டி மட்டைகளில் கீறினார்.

பக்கத்துக் கொட்டில் ராஜினியும் வந்தாள். அவளுடைய புருஷன் செல்வராசா கூரைத் தகரம் கழற்றி வரவென்று கிளிநொச்சி வீட்டுக்குச் சைக்கிளில் போயிருந்தான். நேற்றே வந்திருக்க வேண்டும்.

“அவர் வந்து பாக்கட்டும் அண்ணை, எங்கட வீட்டைக் கீறித் தாங்கோ.”

வீடு, பலாமரம், துலாக்கிணறு, தள்ளிச் சமைக்கிறதுக்கு ஒரு குசினி எல்லாம் கீறினார். ஆசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவளின் விரல் குசினிக் கூரையில் நின்றது.

“புகையைக் காணேல்லையே அண்ணை?”

“அது வேண்டாம் பிள்ளை.”

“அடுப்பு மூட்டாமல் கிடக்க அதென்ன செத்த வீடே?”

 சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்தான் சோறு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இது தெரியாத ஆளா தவராசா? ஒரு பயத்துக்கு ஒளியப்போய் அதைவிடப் பெரிய பயத்தின் மடியில் விழுந்திருந்தார்.

மெல்லிசாக ஒரு புகை இழுத்தார். மழையில் ஊறிய மட்டை. கரி பரவியது. துணியால் ஒற்றினார், இன்னும் பரவியது. குசினியை மூடி, வீட்டுக் கூரையையும் விழுங்கியது. அது சோறு வேகிற புகையே இல்லை. மட்டையை ஒளிக்கப் பார்த்தார், அவள் பறித்துவிட்டாள்.

“இப்பதான் எங்கட வீடு மாதிரிக் கிடக்கு. ஈர விறகெண்டால் இப்பிடித்தான் அண்ணை புகையும்.”

அவள் சிரித்தாள். அவரால் சிரிக்க முடியவில்லை. பின்னேரம் கிளிநொச்சிப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டது. பிறகு பனைகளுக்கு மேலால் கறுப்பாகப் புகை எழும்பியது. ராஜினி அதைப் பார்க்காமல் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் விளாம்பிசின் தேடிப் போன தவராசா, மத்தியானம் வயல் வரம்பால் திரும்பி வந்தார். தூரத்திலிருந்தே கண் கொட்டில்களுக்குத்தான் ஓடியது. சமையல் நேரம். எல்லாக் கூரையிலும் புகை. ராஜினியின் கூரை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. விறகு முடிந்திருக்கும், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எட்டி நடந்தார்.

முன்கொட்டில் மீனம்மா மூடிய சோற்றுப் பானையோடு வேலியைக் கடந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு ராஜினியின் கொட்டிலுக்குள் போனாள்.