மஞ்சள் செடிக்கு ஒரு கட்டிங்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு செடி இருக்கிறது. அதன் பெயர் என் வாயில் நுழையாது. எங்களுக்கு அது மஞ்சள் செடி. குளிர் விடுவதற்குள், மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போதே, ஒரு இலைகூட வருவதற்கு முன் கிளை முழுக்க மஞ்சளாகப் பூத்துத் தள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கே பூத்தது? அது பூத்தால்தான் எனக்கு விடுதலை. நான் தினம் அதைப் பார்த்த பார்வைக்கு அது எப்போதோ பொசுங்கியிருக்க வேண்டும்.

அப்பா முடிதிருத்துபவர். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டதும் கடையை மூடினார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணனுக்கு வேறு ஊரில் குடும்பம், வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாதவளுக்கு வேறு ஜோலியே கிடையாது என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விஷயம். கொஞ்ச நாளைக்கு வந்து இரு என்றார்கள், வந்தேன். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளாமல் வந்தது என் புத்தி.

இரண்டு அறை வீடு. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் அடுப்பு. நடுவில் இருக்கும் நடைபாதையில் என் படுக்கை. காலை நீட்டினால் குளியலறைக் கதவு இடிக்கும். அப்பா கூப்பிட மாட்டார்; பழைய கடைச் சீப்பால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் ஓடு. பகலில் துணி ஆல்டரேஷன் கடையில் பேன்ட் நீளம் குறைத்துக்கொண்டிருக்கும்போதுகூட, யாராவது கத்திரியை மேஜையில் டங்கென்று வைத்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அழுகை வரும்.

கடைக்கார அக்கா வேறு ஊரில் இன்னொரு கடை போட்டாள். அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும், மாடியில் ஓர் அறை, கதவுள்ள அறை. அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். "அண்ணன் வீட்டுக்குப் போங்கப்பா. நான் லீவு நாளெல்லாம் வந்து பார்ப்பேன்."

அப்பா ஒரு கல்லுளிமங்கன். பதில் வர இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் அண்ணனிடம் போனில் ஏதோ பேசியிருக்கிறார், நான் கடையில் இருந்தபோது. பிறகு, அந்த மழைக்குத்தான் நட்டிருந்த மஞ்சள் செடியைக் காட்டினார்.

"அது ஒரு தடவை பூக்கட்டும் பாப்பா. பார்த்துட்டுப் போறேன். அண்ணன்கிட்ட நான் பேசிட்டேன், நீ கேட்க வேண்டாம்."

எனக்கு நாற்பது வயதாகப் போகிறது, இன்னும் பாப்பா. ஒரு குளிர்காலம்தானே என்று சரி சொன்னேன். அது நாலு குளிர்காலமாயிற்று.

செடி நன்றாகத்தான் வளர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் குளிர் குறையும் சமயத்தில் நான் கடையிலிருந்து வந்து பார்த்தால், பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அப்பா அதற்குக் கட்டிங் போட்டிருப்பார். கிருதா எடுத்த மாதிரி ஓரமெல்லாம் ஒழுங்காக, தலை வட்டமாக. "முடின்னாலும் செடின்னாலும் வெட்ட வெட்டத்தான் அடர்த்தியா வரும்" என்பார். தொழில் பேசுகிறது என்று நானும் வெட்டிய குச்சிகளைக் கூட்டி அள்ளினேன். முதல் வருஷம் அழகாக இருக்கிறது என்று பாராட்டியும் தொலைத்தேன். வசந்தம் வரும், இலை வரும், பூ மட்டும் வராது.

"உன் செடி பூக்குறதும் அத்தைக்கு மீசை முளைக்கிறதும் ஒண்ணுதான்" என்பாள் கடைக்கார அக்கா. இரண்டு கடைக்கும் தானே அலைந்துகொண்டிருந்தவள், போன வருஷக் கடைசியில் பொறுமையிழந்தாள். "இந்தத் தடவை வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவேன். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அன்று முழுக்க ஊசி விரலில்தான் குத்திக்கொண்டிருந்தது.

அந்த வாரம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் அம்மாள் ஒருத்தி கோட்டுக்கு ஜிப் மாற்ற வந்தாள். வாய் சும்மா இருக்காமல் செடிக் கதையைச் சொன்னேன். "எப்ப வெட்டுறீங்க?" என்று கேட்டாள். குளிர் முடியும்போது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு எரிச்சல் வந்தது.

"மொட்டு பூராவும் போன வருஷத்துக் கிளையிலதாம்மா இருக்கும். பூக்கறதுக்கு முன்னாடி அதை வெட்டிப் போட்டுட்டு, பூக்கலை பூக்கலைன்னா அது என்ன செய்யும்? பூத்து முடிஞ்சப்புறம்தான் கத்திரியே எடுக்கணும்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அப்பாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். "அப்படியா" என்றார். அவ்வளவுதான்.

தோட்டக் கத்திரியை மறுநாளே கடையில் கொண்டுபோய் வைத்தேன். குளிர்காலம் பூராவும் தினமும் வேலைக்குப் போகும் முன் கிளைகளைத் தடவிப் பார்த்தேன். சின்னச் சின்ன முண்டுகள், ஜோடி ஜோடியாக. ஒரு நாள் தலைவலி என்று பாதியில் திரும்பி வந்தால், அப்பா முடிவெட்டும் சன்னக் கத்திரியை வைத்துக்கொண்டு ஒரு கிளையை அறுத்துக்கொண்டிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். கத்திரியின் வாய் மழுங்கிப் போயிருந்தது.

"உங்களுக்கு நான் இங்கயே கிடந்து சாகணும், அதானே?" என்று கத்தினேன். பெற்ற அப்பனைப் பார்த்துச் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். அவர் கத்திரியை நீட்டினார். வாங்கிக்கொண்டு, சவரக் கத்திவரை எல்லாவற்றையும் அள்ளி அலமாரியில் பூட்டினேன். ராத்திரி சீப்பால்கூட அவர் தட்டவில்லை.

பிறகு ஒரு காலையில் பின்கதவைத் திறந்தேன். விற்றவர்கள் சொன்னது பொய்யே இல்லை. சாம்பல் நிறத் தோட்டத்தில் அது ஒன்று மட்டும் அடியிலிருந்து நுனிவரை மஞ்சள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. ஏதோ சத்தம் போட்டேன். அப்பாவைத் தாங்கிக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பார்த்துட்டீங்கல்ல? அண்ணனுக்குப் போன் போடறேன்."

"இப்ப வேண்டாம் பாப்பா. ஞாயித்துக்கிழமை பேசலாம்."

நானா கேட்பேன்? ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணா, செடி பூத்துடுச்சு! எப்ப வந்து அப்பாவக் கூட்டிட்டுப் போற?"

"எந்தச் செடி?" என்றான் அண்ணன்.

சொன்னேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், அண்ணி பக்கத்தில் இருந்திருப்பாள்.

"நான் அப்பவே அப்பாகிட்ட சொல்லிட்டேனேம்மா. இங்க முடியாதுன்னு. அவரும் சரின்னுதானே சொன்னாரு. உங்கிட்ட சொல்லலையா?"

போனை எப்போது வைத்தேன் என்று நினைவில்லை. அப்பா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"எந்த வாயால சொல்றது? சொன்னா நீ அவனை வெறுத்துடுவ. எனக்கப்புறம் உனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். திட்டுறதுன்னா செடியைத் திட்டு, என்னைத் திட்டுன்னு விட்டுட்டேன்."

"வெட்டினா பூக்காதுன்னு தெரியுமா?"

"முதல் வருஷமே தெரியும். வெட்டின குச்சியை ஒரு டம்ளர் தண்ணியில போட்டு வச்சேன். அறைக்குள்ளயே பூத்துச்சு. நீ வர்றதுக்குள்ள தூக்கிப் போட்டுட்டேன்."

நாலு வருஷமாக எனக்கு ஒரு எதிரி இருந்தது. காலையில் எழுந்ததும் முறைக்க, ஜன்னல் வழியாகச் சபிக்க. அது பூத்தால் கதவு திறக்கும் என்று நம்பி அந்த நடைபாதையில் மடங்கிப் படுத்திருந்தேன். பூத்துவிட்டது. கதவே இல்லாத சுவரில் சாவி தேடியிருக்கிறேன். கோபப்படலாம் என்றால் இப்போது யார் மேல் படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"நீ போ பாப்பா" என்றார் அப்பா. "அந்தக் கடைக்குப் போ. நான் எப்படியாச்சும் இருந்துக்கறேன்."

"எப்படி இருப்பீங்க?"

"அதெல்லாம் இருப்பேன். நீ போ."

குளிர் காற்று அடித்தது. அவர் செருப்பு போடாமல் வந்திருந்தார். உள்ளே போக எழுந்தார், முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார். நான் குனிந்தேன். இரண்டு கையாலும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். படி ஏறும்வரை பிடியை விடாமல், "போ, நீ போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.