அடியில் இருக்கும் எண்

பிளாஸ்டிக் டிபன் டப்பாவைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறேன், அடியில் முக்கோணம் இருக்கிறது, அதற்குள் ஓர் எண், ஐந்தா ஆறா என்று தெரியாதபடி கீறல் விழுந்திருக்கிறது, கீறியது யார், கடைக்காரனா, கம்பெனிக்காரனா, தேய்ந்துபோயிருக்கும் என்கிறது மனம், மனம் சொல்வதை நான் நம்புவதில்லை, ஐந்து என்றால் சூடு தாங்கும், ஆறு என்றால் சூட்டில் எதையோ கக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து கவிழ்த்துப் பார்க்காமல் எதையும் வாயில் வைப்பதில்லை, கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூல் சுற்றும் ஹோட்டல் மாஸ்டர் என்னைக் கண்டாலே, டப்பாவுக்கு ஜாதகம் பாக்கறவரு வந்துட்டாருங்கோ என்று உள்ளே குரல் கொடுப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டே வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் தூக்குப்போசியை நீட்டுவேன். தமயந்திக்கு இது ஏழாம் மாதம், என் மனைவியின் வயிற்றுக்குள் போகும் எதையும் நான் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

போன தடவையும் ஏழாம் மாதம்தான், அது கோடைக்காலம், குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை, வருகிற ஒரு மணி நேரத்தில் பிடித்து வைத்தால் உண்டு, எங்கள் ஊரில் சாயப்பட்டறையிலிருந்து காலியாக வரும் நீல டிரம்களை வாங்கிக் கழுவித்தான் பாதி வீடுகளில் தண்ணீர் பிடிக்கிறார்கள், நானும் போய் நின்றேன், டிரம் கடை ரங்கசாமியண்ணன், புளி போட்டு ரெண்டு தடவ தேச்சு, ஒரு நா வெயில்ல வெச்சுட்டா ஒண்ணும் ஆவாதுங்க தம்பி, ஊரே இதுலதானுங்க குடிக்குது என்கிறார், டிரம்மின் வயிற்றில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது, சிவப்புக் கட்டத்துக்குள் பட்டுப்போன மரமும் செத்த மீனும், அதைப் பார்த்தால் தமயந்தி டிரம்மைப் படியேற விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும், வழியில் வண்டியை நிறுத்தி, பழைய பிளேடால் சுரண்டினேன், மீன் போயிற்று, மரம் போயிற்று, புத்தம் புதுசு என்று சொல்லித்தான் இறக்கினேன்.

ஏனுங்க, தண்ணி ஒரு மாதிரி கசக்குதுங்க என்றாள், வாய்க்கசப்பா இருக்கும், மாசமா இருந்தா அப்படித்தான் என்றேன், அவள் குடித்தாள், குடிக்கிறாள், தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்த நாள்களில்தான் எனக்கு ஆபீஸ் தண்ணீர் பழகிப்போனது, எதேச்சையாக என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பிறகு ஆஸ்பத்திரி, துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம், இதனாலதான்னு எதையும் சொல்ல முடியாதுங்க என்றார் டாக்டரம்மா, அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கண் அசந்தால் பிளேடும் கையுமாக நிற்கிறேன், லேபிளைச் சுரண்டினால் அடியில் இன்னொரு லேபிள், அதற்கும் அடியில் இன்னொன்று, கடைசியில் நகம் முளைத்த பிஞ்சு விரல், அலறி எழுந்தால் தமயந்தி பக்கத்தில் தூங்குகிறாள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறாள். அந்த டிரம்மை எடுத்துப் போட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், இருக்கட்டுமுங்க என்று மட்டும் சொல்வாள்.

இந்த டப்பா வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, எவர்சில்வர் சொம்பைக் கழுவி, ஆறவைத்த தண்ணீரை ஊற்றி அவளிடம் நீட்டுகிறேன், அவள் வாங்கவில்லை, மொதல்ல நீங்க குடிங்க என்கிறாள், எவர்சில்வர்தானே தமயந்தி, இதுக்கு என்ன என்கிறேன், சொம்புக்கு ஒண்ணும் இல்லீங்க, குடுக்கறது நீங்களாச்சே, அன்னைக்கு நீங்க ஒரு வாய் கூடக் குடிக்கலீங்க என்கிறாள், குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்தால் தாங்கிக்கொள்வேன், சுரண்டுன லேபிள்ல பாதி மீன் டிரம்முக்கு அடியில ஒட்டிட்டிருந்துச்சுங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கே பாத்துட்டேன், நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் அத வெச்சிருக்கேன் என்கிறாள், ரெண்டு வருஷமாக வைத்திருக்கிறாள், நான் ஒரு வாய் குடிக்கிறேன், நல்ல தண்ணீர், ஆனாலும் கசக்கிறது, அவள் என் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புகிறாள், நான் டப்பாவைத் திருப்புகிற அதே மாதிரி, இன்னும் எதைச் சுரண்டி வைத்திருக்கிறேன் என்று கண்ணைச் சுருக்கித் தேடிக்கொண்டிருக்கிறாள், சொம்பை இன்னும் வாங்கவில்லை.