கஞ்சி போட்ட தலைவர்

கரிசலூரணி ஊராட்சியை இருபது ஆண்டுகளாக ஒரு வெள்ளைச் சட்டை ஆண்டுவந்தது. உள்ளே ஆள் இல்லை. அதை ஒரு குறையாக எவரும் சொன்னதில்லை. வேட்புமனு நாளன்று ஊர்ப் பெரியவர்கள் அதைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுப்பார்கள். பிறகு அலுவலகத்தில் மாட்டுவார்கள். மணி மூன்று அடித்து மனு வாங்கும் நேரம் முடிந்ததும், போட்டியின்றித் தேர்வு.

தேய்ப்பவள் இருளாயி. அவள் தெருவுக்குக் குழாய் வந்து ஒன்பது ஆண்டுகள்; தண்ணீர் வரவில்லை. மனுமேல் மனு கொடுத்தாள். சட்டை மறுக்கவில்லை. தலையாட்டவும் இல்லை; அதற்குத் தலை கிடையாது. ஆளில்லாத இடத்தில் இனி முறையிடுவதில்லை, அந்த இடத்துக்கே தான் போவது என்று இவ்வாண்டு முடிவு செய்தாள்.

இருந்தும் சட்டையைச் சுருக்கமின்றித் தேய்த்தாள். தொழிலில் வஞ்சகம் கூடாது. ஒரு கையில் சட்டை, மறு கையில் தன் வேட்புமனு, அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"ஏ இருளாயி, சட்டைய மாட்டிட்டுக் கெளம்பு," என்றார் ஊர்ப் பெரியவர் தங்கப்பெருமாள்.

மாட்டினாள். கிளம்பவில்லை. தேர்தல் அலுவலரின் மேசையை நோக்கி நடந்தாள். அவள் ஓரடி வைத்தால் மேசை ஈரடி பின்னால் போயிற்று.

"அது அப்படித்தாம்மா," என்றார் அலுவலர் தொலைவிலிருந்து. "புது ஆளக் கண்டா போயிரும்."

மணி இரண்டு ஐம்பது. இருளாயி நின்றாள்.

"அப்ப நா நடக்கல. அத வரச் சொல்லுங்க."

மேசை தயங்கியது. துரத்துபவரிடமிருந்து ஓடத்தான் அதற்குத் தெரியும். நிமிர்ந்து நிற்பவளை என்ன செய்வதென்று தெரியாது. ஊர்ந்து வந்து அவள் இடுப்பருகே நின்றது.

அலுவலர் மனுவைப் படித்தார். "ஆட்சேபணை உண்டா?"

சட்டையின் வலக்கை மெல்ல உயர்ந்தது. அதன் சார்பில் தங்கப்பெருமாள் பேசினார். "இந்த வேட்பாளருக்குள்ள ஆள் இருக்கு."

அலுவலர் அவளை உற்றுப் பார்த்தார். "இருக்குதான். ஏம்மா, ஆள வெளிய வச்சிட்டு வந்திருக்கலாமே?"

"ஆளோடதான் வந்திருக்கேன். ஆளோடதான் உக்காருவேன்."

"சரி. ஆட்சேபணையில சட்டையோட கையெழுத்து வேணும்."

உயர்ந்திருந்த சட்டைக்கையின் நுனியில் விரல் எதுவும் இல்லை. தங்கப்பெருமாள் காலம் கடத்தவில்லை. தம் கையை அதற்குள் நுழைத்துப் பேனாவைப் பிடித்தார்.

"ஐயா, இப்ப இதுக்குள்ளயும் ஆள் இருக்கே," என்றார் அலுவலர்.

"முழங்கை வரைக்குந்தான்யா!"

"விதியில அளவு சொல்லல. ஆள் கூடாதுன்னா ரெண்டும் தள்ளுபடி. இருக்கலாம்னா ரெண்டும் செல்லும். எது?"

தங்கப்பெருமாள் கடிகாரத்தைப் பார்த்தார். தள்ளுபடியானால் வேறு சட்டைக்குக் கஞ்சி போட நேரமில்லை. மணி மூன்று அடித்தது.

"செல்லட்டும். ரெண்டும்."

அலுவலகத்தில் இருந்தது ஒரே முத்திரை: போட்டியின்றி. அலுவலர் பழக்கத்தில் அதை எடுத்தார். இருளாயி மனுவின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"போட்டி இருக்கு. கையால எழுதுங்க."

எழுதினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெடுத்தாள். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஓட்டு இந்த ஊர்லதான?"

"எங்க பாட்டன் பூட்டன் ஊருடி இது!"

"அப்ப ஓட்டுக் கேக்க உங்ககிட்டருந்தே ஆரம்பிக்கிறேன். எங்க தெருக் கொழாயில தண்ணி வரல."

தங்கப்பெருமாள் சட்டையிலிருந்து கையை உருவப் பார்த்தார். வரவில்லை. ஊருக்கே கேட்கும்படி அவள் குரலை உயர்த்தினாள்.